குச்சிகளின் ஒழுங்கும் நம் பெண்களின் கணக்கும்

கல்வி வளர்ச்சிக்கென நிறுவப்பெற்ற ஒரு கழகத்தின் வெள்ளி விழா மலரில் ரேந்தைப் பின்னலைப் பற்றிய கட்டுரைக்கு இடம் உண்டோ என அன்பர்கள் வினவக்கூடும். உண்டு என்பதே நம் விடை. தென் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பெண்கள் எழுத்தறிந்த இடமும் ரேந்தை பின்னிய இடமும் ஒன்றாகவே இருந்தன. இவர்களுக்குக் கணக்கு வராது என்று ஊரார் சொல்லிக்கொண்டிருந்த அந்நாளில், இவர்தம் விரல்கள் எத்தகைய கணக்கை வைத்திருந்தன என்பதை முதற்கண் காண்போம்.

லேஸ் என்று இன்று நாம் வழங்குவதையே முன்னோர் ரேந்தை என்றனர். 'ரெந்தா' என்னும் போர்த்துகீசியச் சொல்லின் வழி வந்தது அது. இலங்கையின் தென்கரையில் இத்தொழிலுக்குரிய குச்சியைப் 'பீரளு' என்பர். அதுவும் 'பில்ரோ' என்ற போர்த்துகீசியச் சொல்லே. நாஞ்சில் நாட்டில் இப்பின்னல் பரவியதோ போர்த்துகீசியரால் அன்று, ஆங்கில மிஷனரிகளால்.

வைக்கோல் முதலியவற்றை இறுகத் திணித்த திண்டு ஒன்று, அதன்மேல் துளையிட்ட அட்டை, துளைதோறும் குண்டூசி, நூல் சுற்றிய சிறு குச்சிகள். கருவிகள் இவ்வளவே. குச்சிகள் எப்போதும் சோடி சோடியாகவே இயங்கும். ஒரு நேரத்தில் கையில் இருப்பவை இரண்டு சோடிகள், அதாவது நான்கு குச்சிகள். நடுவிலுள்ள இரண்டில் இடப்புறத்ததை வலப்புறத்ததன் மேல் மாற்றுவது குறுக்கிடல். ஒவ்வொரு சோடியிலும் வலக்குச்சியை இடக்குச்சியின் மேல் மாற்றுவது முறுக்கல். மன்னர் மாளிகைக்குச் சென்ற ரேந்தையும் இவ்விரு அசைவுகளால் ஆனதே.

அருமை அசைவில் இல்லை. கையில் இல்லாத குச்சிகளைக் காப்பதில் இருக்கிறது. குறுகிய கரைக்குப் பத்துப் பன்னிரண்டு சோடிகள் போதும். அகன்ற வேலைக்குக் குச்சிகள் நூற்றுக்கு மேற்படும். அவை உருளும், ஒன்றன்மேல் ஒன்று ஏறும், நூல் சிக்கும். இரண்டு குச்சிகள் இடம் மாறிவிட்டால் பிழை உடனே தெரியாது. நான்கைந்து வரிசை கடந்த பின்னரே கண்ணில் படும். அதுவரை பின்னியதைக் குறுக்கிட்ட முறைக்கு எதிர்முறையில் பிரித்தாக வேண்டும். ஆகவே தேர்ந்த பெண், முடித்த சோடிகளை வரிசை குலையாமல் ஒருபுறம் ஒதுக்குவாள். இடையே பெரிய ஊசிகளை வேலிபோல் நட்டுக் கூட்டம் கூட்டமாகப் பிரிப்பாள். நூல் தானே அவிழாதிருக்கக் குச்சியின் தலையில் ஒரு சுருக்கு இடுவாள். எல்லா நூல்களையும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் தொங்கவிடுவாள். எழுந்து செல்லும்போது குச்சிகளைத் துணியால் மூடிக் கட்டிவிடுவாள். குறுக்கே நடமாடும் சோடி எது, நிலையாக நிற்கும் சோடிகள் எவை என்பது அவள் மனத்திலேயே இருக்கும்.

ஊருக்கு ஊர் குச்சியின் வடிவமும் வேறுபட்டது. இங்கிலாந்தின் நடுநாட்டுக் குச்சிகளின் அடியில் கண்ணாடி மணிகளைக் கம்பியில் கோத்து வளையமாக்கினர். அழகுக்கென்றே பலர் எண்ணுவர். குச்சி உருளாமல் தடுப்பதும், எடை தந்து நூலை இழுத்து நிறுத்துவதும் அதன் வேலை. டெவன் பகுதியின் ஹானிட்டன் ரேந்தைக்கோ மணி ஆகாது. அங்கே முடித்த பகுதியின் கண்ணி வழியே குச்சியை நுழைத்து இணைக்க வேண்டியிருந்ததால், அது மெலிந்து கூர்மையாக இருந்தது.

அந்நாட்டுப் பின்னற்பள்ளிகளைப் பற்றி ஒரு சொல். ஐந்தாறு வயதுக் குழந்தைகளை நெடுநேரம் திண்டின் முன் அமர்த்தி, ஊசியை எண்ணும் பாட்டுகளைப் பாடவைத்து வேலை வாங்கினர். வறியோர் பிள்ளைகளின் விரல்களைக் கொண்டு பொருளீட்டுவது எந்த ஒரு நாட்டுக்கும் தனி உடைமையன்று. ஜான் ஹீத்கோட் என்பவர் கைப்பின்னலில் நூல்கள் செல்லும் வழியை ஆராய்ந்து, 1809இல் பின்னல் எந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1816இல் லஃபரோவில் அவருடைய எந்திரங்கள் 55ஐத் தொழிலாளர் உடைத்தனர். ஆயினும் எந்திரம் நின்றது. கைப்பின்னலின் விலை வீழ்ந்தது. அங்கே தேயத் தொடங்கிய தொழில் அதே தலைமுறையில் இங்கே வேர்விட்டதற்கு நம் மக்களின் மலிவான கூலியும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம்.

மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கத்தின் முயற்சியால் ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்கு வந்ததை நம்மவர் அறிவர். அதே லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் துணைவியார் மார்த்தா மால்ட்டும் 1819இன் இறுதியில் நாகர்கோவிலை அடைந்தனர். அம்மையார் பெண்களுக்கு விடுதிப்பள்ளி தொடங்கி, எழுத்தோடு ரேந்தைப் பின்னலையும் கற்பித்தார். அங்குச் சேர்ந்தோருள் அடிமைப் பெண்களும் இருந்தனர். நிலத்தோடு சேர்த்து விற்கவும் அடகு வைக்கவும் பட்ட மக்களின் மகளிர் அவர்கள். தம் பின்னற்கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, உடையவனுக்கு விலை கொடுத்து, அவர்களுள் சிலர் விடுதலையை வாங்கினர் என மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை முற்றும் ஒழித்தது 1855இல்தான் என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

மற்றொன்றையும் சொல்லாதிருக்க இயலவில்லை. ரேந்தை என்பது ஆடைக்கு அணி. அதை ஐரோப்பியச் சீமாட்டிகளின் தோளுக்கெனப் பின்னிய பெண்கள் பிறந்த சாதிகளுக்கோ மேல்தோளை மறைக்கும் உரிமை மறுக்கப்பட்டிருந்தது. 1829இன் அரசாணை கிறித்தவராகிய சாணார் பெண்கள் குப்பாயம் அணிய மட்டும் இடந்தந்தது, மேற்சீலையைத் தடுத்தது. கலகங்களுக்குப் பின் 1859இல் அவர்களுக்குக் கிடைத்த அனுமதியும் உயர்சாதியாரைப் போல் அணியலாகாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. அடிமைச் சாதியினரை அவ்வாணை கருதவே இல்லை.

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா, 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது பின்னற்கலையும் உடன் சென்றது. முளகுமூட்டுக்கு 1897இல் வந்த பெல்ஜியத் துறவி மரி லூயிஸ் தே மேஸ்டரின் வழியில் கத்தோலிக்கப் பெண்களிடையேயும் இத்தொழில் வளர்ந்தது. ஆனால் ஆசிரியைகளின் பெயரை மட்டும் சொல்லி வரலாற்றை முடித்துவிடுவது முறையன்று. விடுதிப்பள்ளியில் கற்ற பெண்களே உபதேசியார் மனைவியராகவும் ஆசிரியைகளாகவும் சிற்றூர்களுக்குச் சென்றனர். கூரைத் திண்ணையில் திண்டை மடியில் வைத்து, பக்கத்துச் சிறுமிக்கு முதற்பாடமாக நான்கு குச்சிகளைக் கையில் கொடுத்தனர். மற்றவற்றை ஒதுக்கி, ஊசி நட்டு, வரிசை மாறாமல் காக்கும் வித்தை அடுத்த பாடமாயிற்று. அரிச்சுவடியும் அதே திண்ணையில்தான் விரிந்தது.