மானூர்ச் சாசனத்தில் ‘மன்றாடுதல்’: ஒரு சட்ட வினையின் பொருளும் ஆட்சியும்

‘மன்றாடு’ என்ற வினைக்கு இன்று நாம் கொள்ளும் பொருள் கெஞ்சுதல். ‘கெஞ்சி மன்றாடினான்’ என்று இரண்டு சொற்களையும் இணைத்தே வழங்குகிறோம். கடன் தவணைக்கு அவகாசம் கேட்பவரும் மன்னிப்புக் கேட்பவரும் மன்றாடுகிறார்கள். இந்தப் பழக்கத்தோடு பாண்டிநாட்டுக் கல்வெட்டுகளைப் படிக்கப் போனால் மானூரில் தடுக்கி விழுவோம். அங்கே மன்றாடுபவர் யாரிடமும் எதையும் இரப்பதில்லை. அவர் தகுதியால் அவையில் அமர்ந்தவர், தாம் பேசும் முறைக்குச் சட்டப்படி பொறுப்பேற்றவர். இந்த வினை மானூரில் உரிமையையும் கடமையையும் ஒருங்கே குறிக்கும் சட்டச் சொல் என்பதும், அதை வெறும் ‘உறுப்பினராதல்’ என்று உரைப்பது போதாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மானூர், திருநெல்வேலிக்கு வடக்கே சங்கரன்கோவில் சாலையில் உள்ள ஊர். அங்குள்ள அம்பலநாதர் கோயிலின் வட்டெழுத்துச் சாசனம் பாண்டிய மன்னன் மாறஞ்சடையனின் 35-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி முதலானோரின் கணிப்பில் அது ஏறத்தாழ கி.பி. 800. குடவோலைக்காக நாடறிந்த உத்திரமேரூர்ச் சாசனங்கள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. நூறாண்டுக்கு மேல் முந்திய மானூரைப் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. இது வருந்தத்தக்கது. ஏனெனில் இரண்டும் ஒரே பொருளைப் பேசுபவை அல்ல. சபையின் செயற்குழுவான வாரியத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று உத்திரமேரூர் விரிவாக வகுக்கிறது. அவைக்கு வந்தவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்து வகுப்பது மானூர். அந்த நடத்தைக்கு அது வைத்த பெயரே மன்றாடுதல்.

விதிகளின் சாரம் இது. ஊரில் பங்குடைய பிராமணரின் மக்களில், ஒரு தர்ம நூலோடு மந்திர பிராமணமும் கற்ற நன்னடத்தையுள்ள ஒருவரே அப்பங்குக்காக மன்றாடலாம். விலைக்கு வாங்கியது, தானமாகப் பெற்றது, மனைவிவழி சீதனமாக வந்தது ஆகிய பங்குகளுக்கும் இதே தகுதி. அவ்வாறு வந்த பங்குக்கு முழுச் சிராவணை உண்டு; கால், அரை, முக்கால் சிராவணை என்று கூறுபோட முடியாது. சிராவணை என்பது கேட்டலோடு தொடர்புடைய வடசொல். அவையில் ஒருவருடைய குரல் கேட்கப்படுவதற்கான உரிமை என்று அதைக் கொள்வதே பொருந்தும். நிலத்தைத் துண்டாடலாம், குரலைத் துண்டாட முடியாது என்று அந்தச் சபை கருதியிருக்கிறது. பங்கை விலைக்கு வாங்குவோர், ஒரு வேதம் முழுவதையும் பரிசிட்டத்தோடு கற்றுத் தேறியவரையே சிராவணைக்கு அமர்த்த வேண்டும். இந்தத் தகுதி இல்லாதவர் எந்த வாரியமும் ஏறப் பெறார்.

‘ஏறப் பெறார்’ என்பதில் உள்ள ‘பெறு’ நின்று நோக்கத்தக்கது. கல்வெட்டுத் தமிழில் இது உரிமையைச் சுட்டும் துணைவினை. ‘ஏறப் பெறார்’ என்றால் ஏற இயலாதவர் என்பதன்று, ஏறும் உரிமை இல்லாதவர் என்பது. அதற்கு மறுபக்கமாக நிற்பது ‘-வதாக’ என்னும் ஈறு. ‘மன்றாடுவதாகவும்’, ‘செய்வதாகவும்’ என்று வரும் இடங்களில் அது ஏவலும் அன்று, வாழ்த்தும் அன்று. இன்னது நடந்தே ஆக வேண்டும் என்று விதிப்பது. இன்றைய சட்டத் தமிழ் ‘வேண்டும்’, ‘கடமைப்பட்டவர் ஆவார்’ என்று சுற்றிச் சொல்வதை அந்த ஈறு மூன்றெழுத்தில் முடித்துவிடுகிறது. உரிமைக்கு ஒரு வடிவம், கடமைக்கு ஒரு வடிவம் என்று பிரித்தாளும் மொழியில்தான் ‘மன்றாடு’ இடம்பெறுகிறது. அதன் பொருளையும் அந்த நுட்பத்தோடுதான் தேட வேண்டும்.

மன்றாடுதல் என்றால் சபை உறுப்பினராக இருத்தல் என்பது பரவலான உரை. முதல் விதிகளுக்கு அது ஓரளவு பொருந்துகிறது. ஐந்தாவதாக வரும் விதியில்தான் உடைகிறது. இந்த முறைப்படி மன்றாடுகின்றவர்கள், எதற்கெடுத்தாலும் ‘அன்று’ என்று சொல்லிக் ‘குத்துக்கால் செய்யாது மன்றாடுவதாக’ என்கிறது சாசனம். மன்றாடுகின்றவர் மன்றாட வேண்டும் என்று வினை இருமுறை வந்திருக்கிறது. உறுப்பினராய் இருத்தல் மட்டுமே பொருளானால் இரண்டாவது ஆட்சி வெற்றுச் சொல்லாகிவிடும், ‘உறுப்பினர் உறுப்பினராய் இருக்க’ என்று. ‘குத்துக்கால் செய்யாது’ என்ற எதிர்மறை எச்சம் ஒரு செயலின் விதத்தைத்தான் தழுவ முடியும், ஒரு நிலையைத் தழுவ முடியாது. ஆகவே மன்றாடுதல் செய்யப்படும் ஒரு செயல்: அவையில் கூடி, பொருளை எடுத்துப் பேசி, முடிவுக்குத் துணைநிற்றல். உறுப்பினர் என்ற நிலை அச்செயலிலிருந்து பிறக்கிறது.

‘குத்துக்கால் செய்தல்’ இதற்கு எதிர்ச்சொல்லாகவே சாசனத்தில் நிற்கிறது. குத்துக்கால் என்பது செங்குத்தாக நட்டு முட்டுக்கொடுக்கும் கால். இன்று ‘முட்டுக்கட்டை போடுதல்’ என்கிறோமே, அதன் மூத்த உறவு என்று கொள்ளலாம். இங்கே ஒரு வேறுபாட்டை விடாமல் காண வேண்டும். மாற்றுக்கருத்து சொல்வதை மானூர் தடை செய்யவில்லை. தகுதிபெற்ற ஒருவர் ஒரு பொருளை ஆராய்ந்து மறுப்பதும் மன்றாடுதலே. எது வந்தாலும் ‘அன்று, அன்று’ என்று அவையை நகரவிடாமல் செய்வதுதான் குற்றம். குத்துக்கால் செய்தவரோடு அவருக்கு ‘உற்று நின்றாரும்’ தண்டத்துக்கு உரியவர். உடந்தை என்ற கருத்தைத் தனியே பிரித்து எழுதியிருக்கிறார்கள். தண்டம் ‘ஐயைந்து காசு’. செய்யுள் வழக்கை நம்பி இதை இருபத்தைந்து என்று எண்ணிவிடக் கூடாது. முன்னால் ‘வெவ்வேறு வகை’ என்று இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஐந்து என்பதே பொருள். தண்டம் கட்டிய பின்னும் அதே விதிக்கு அவர்கள் கட்டுப்பட்டவர்களே என்று சாசனம் முடிக்கிறது. பணம் கட்டிவிட்டு விதியிலிருந்து விலகிக்கொள்ளும் வழியை அது அடைத்துவிட்டது.

பேச்சுமுறைக்கு இத்தனை கண்டிப்பு எதற்கு? இவ்வட்டாரச் சபைகள் சுமந்த பொறுப்பைப் பார்த்தால் விளங்கும். அம்பாசமுத்திரம் கல்வெட்டில் வரகுண மகாராசன் 290 காசை முள்ளிநாட்டு இளங்கோக்குடிச் சபையாரிடம் ஒப்படைக்கிறான். முதல் கெடாமல் காசுக்கு ஆண்டுக்கு இரு கலமாக 580 கலம் நெல்லைக் கோயிலுக்கு அளந்துவர வேண்டும். அரசர் மாறினாலும் சபை அளக்க வேண்டும். இன்று அவையில் இருப்பவர் இறந்தாலும் அவர் பங்குக்கு வருபவர் அளக்க வேண்டும். இப்படித் தலைமுறை கடந்து கட்டுப்படுத்தும் முடிவுகளை எடுக்கும் இடத்தில் பேச்சே பொறுப்பாகிறது. மன்றாடுதல் அந்தப் பொறுப்பை ஏற்கும் வினை.

சொல்லின் அமைப்பும் இதற்கு இசைகிறது. உரையாடு, சொல்லாடு, வழக்காடு, வாதாடு என வரும் வரிசையில் ‘ஆடு’ ஒரு செயலில் ஈடுபட்டு இயங்குவதைக் குறிக்கிறது. அவ்வினைகளில் எதிலும் தாழ்ச்சிப் பொருள் இல்லை. ‘மன்றாடி’ என்ற பெயரும் இரத்தலைச் சுட்டியதில்லை. மன்றில் ஆடும் சிவனுக்கு அது பெயர். அவன் ஆடும் ஐந்து அவைகளில் தாமிர சபை நெல்லையப்பர் கோயிலிலும் சித்திர சபை குற்றாலத்திலும் இருப்பதால் இவ்வட்டாரத்தார்க்கு இது அணுக்கமான சொல். சோழர் கல்வெட்டுகளில் விளக்கெரிக்க ஆடு ஏற்ற இடையரும் மன்றாடிகள். அங்கே மன்று, கால்நடை நிற்கும் வெளி. கொங்கு நாட்டில் ‘மன்றாடியார்’ இன்றும் பெருமைக்குரிய பட்டம்.

அப்படியானால் கெஞ்சுதல் எங்கிருந்து வந்தது? சொல் இழிந்துவிட்டது என்று சொல்லி முடிப்பது எளிது, ஆனால் நேர்மையன்று. மானூர் மன்றம் எல்லாருக்கும் திறந்திருந்ததில்லை. பங்குடைய பிராமண ஆடவருக்கே அங்கே குரல். சீதனப் பங்கு மனைவியால் வந்தது, மன்றாடியவன் கணவன். உழுதவருக்கும் நீர் பாய்ச்சியவருக்கும் சிராவணை இல்லை; அவர்கள் அவைமுன் நின்று கேட்டுக்கொள்பவர்களாகவே இருந்திருக்க முடியும். பிற்காலத்தில் ஊர்ச்சபைகள் தளர்ந்து, அதிகாரம் நாயக்கருக்கும் பாளையக்காரருக்கும் நவாபுக்கும் சென்று, 1801-இல் கும்பினியின் கைக்கு முழுதாக வந்தபோது, மன்றுக்குள் அமர்ந்து பேசுபவர் அருகிப்போய், மன்றின் முன் நின்று பேசுபவரே மிகுந்தனர். சொல் அப்படியேதான் இருந்தது, அதைச் செய்பவர் நின்ற இடம் மாறியது. பொருள்மாற்றத்துக்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இடைப்பட்ட ஒரு படியைக் கிறித்தவத் தமிழ் காத்து வைத்திருக்கிறது. பாளையங்கோட்டைக் கத்தோலிக்க ஆலயங்களில் ‘மன்றாட்டு மாலை’, ‘நம்பிக்கையாளர் மன்றாட்டு’ என்பவை அன்றாட வழக்கு. அங்கே மன்றாடுதல் என்பது பிறர்பொருட்டு ஒருவர் நீதியாளர்முன் எடுத்துப் பேசுதல். வேண்டுதல் உண்டு, ஆனால் தன்னலக் கெஞ்சல் அன்று. தரப்பெடுத்துப் பேசும் பழைய பொருளின் சாயல் அதில் தங்கியிருக்கிறது.

நீதிமன்றத் தமிழ் இவ்வினையை ஏறக்குறையக் கைவிட்டது. திருநெல்வேலி நீதிமன்ற வளாகத்தில் வக்கீல் வாதாடுகிறார், ஆஜராகிறார், கட்சிக்காரர் வழக்காடுகிறார், மனுவின் இறுதியிலோ ‘பிரார்த்திக்கிறேன்’ என்று எழுதப்படுகிறது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை தந்த வினையிலிருந்து ‘வழக்குரைஞர்’ பிறந்து நிலைத்துவிட்டார். இலங்கையின் சட்டத் தமிழ் வேறு வழியில் சென்றது. அங்கே நீதிமன்றத்தை ‘மன்று’ என்றே எழுதுகிறார்கள். சட்டமா அதிபருக்கு அடுத்த நிலையிலுள்ள அரசு சட்ட அதிகாரிக்கு ‘மன்றாடியார் நாயகம்’ என்பது பெயர். நாட்டின் சார்பில் நீதிமன்றில் நிமிர்ந்து பேசுபவரின் பதவிப்பெயர் அது. மானூர்ப் பொருளுக்கு இதைவிட அண்மையான வாழும் ஆட்சி வேறில்லை.

தமிழ்நாட்டுச் சட்டச் சொற்களைத் திருத்துவோர் இதைக் கருத வேண்டும். ‘வாதாடு’ எதிர்த்தரப்போடு மோதுவதைச் சொல்கிறது, ‘ஆஜராகு’ வந்து நிற்பதைச் சொல்கிறது, ‘பிரார்த்தி’ பணிவைச் சொல்கிறது. நீதிமன்றில் ஒருவர் குரல் கேட்கப்படும் தகுதியைச் சொல்ல இவற்றுள் எதுவும் போதாது. 1961-ஆம் ஆண்டு வழக்குரைஞர்கள் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, பதிவுபெற்ற வழக்குரைஞர் எல்லா நீதிமன்றங்களிலும் தொழில் நடத்தும் உரிமையை வகுக்கிறது. 32-ஆம் பிரிவு, பதிவுபெறாத ஒருவரையும் குறிப்பிட்ட வழக்கில் முன்னிற்க நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்கிறது. முன்னதை ‘மன்றாடும் உரிமை’ என்றும், பின்னதில் அனுமதி பெற்றவரை ‘மன்றாடப் பெற்றவர்’ என்றும் எழுதலாம். பெறு என்னும் துணைவினை மானூரில் செய்த அதே வேலையை இங்கேயும் செய்யும்.