ராஜ வீதியில் ஒரு வாடகை வீடு

புதுக்கோட்டையில் வாடகைக்கு வீடு தேடுபவருக்கு முகவரி விளங்கச் சிரமமே இல்லை. கீழ ராஜ வீதி, கீழ 2ஆம் வீதி, கீழ 3ஆம் வீதி. மேற்கிலும் வடக்கிலும் தெற்கிலும் இதே கணக்குதான். திசையும் எண்ணும் தெரிந்துவிட்டால் யாரிடமும் வழி கேட்க வேண்டாம். கோயிலைச் சுற்றி வீதிகள் அமைவது தமிழ்நாட்டுப் பழைய ஊர்களில் வழக்கம்தான். ஆனால் இத்தனை நேராக, எண் போட்டு அமைந்த பழைய ஊர்கள் குறைவு.

இந்த ஒழுங்கு தானாக வந்ததல்ல. புதுக்கோட்டை அன்று தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட சமஸ்தானத்தின் தலைநகர். 1807இல் அரியணை ஏறிய விஜய ரகுநாதராயத் தொண்டைமான் அப்போது சிறுவர். தஞ்சாவூரில் ஆங்கிலேயரின் ரெசிடெண்டாக இருந்த பிளாக்பர்ன்தான் சமஸ்தான நிர்வாகத்தையும் மேற்பார்த்தார். அவருடைய யோசனைப்படி பழைய ஊரை இடித்துவிட்டு, நேர் வீதிகளோடு மன்னர் புதிதாகக் கட்டினார் என்று இம்பீரியல் கெசட்டியர் எழுதுகிறது. சுத்தமும் காற்றோட்டமும் உள்ள ஊர் என்று பாராட்டவும் செய்கிறது. மன்னரையும் ரெசிடெண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடும் அந்தப் பதிவு, இடிபட்ட வீடுகளில் குடியிருந்தவர்களைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. ஊர்களின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அடுத்த மாற்றம் சேஷய்ய சாஸ்திரியின் காலத்தில் வந்தது. திருவிதாங்கூரில் திவானாக இருந்துவிட்டு 1878இல் இங்கே வந்தவர், 1894 வரை சமஸ்தானத்தை நடத்தினார். குளங்களைத் தூர்வாரினார், பொது அலுவலகங்களுக்குக் கட்டடங்கள் எழுப்பினார். அலுவலகம் வந்தால் குமாஸ்தா வருவார், வக்கீல் வருவார், வாத்தியார் வருவார். அவர்கள் எல்லோருக்கும் குடியிருக்க வீடு வேண்டும். 1901 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை ஏறக்குறைய 20,000.

இந்த ஊருக்கும் மூத்தது திருக்கோகர்ணம். இன்று திருச்சி போகும் பக்கத்தில் ஒரு புறநகர்ப் பகுதியாகத் தெரிந்தாலும், புதுக்கோட்டை என்ற தலைநகர் உருவாவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அங்கே பாறையைக் குடைந்து சிவனுக்குக் கோயில் எடுத்துவிட்டார்கள். அக்கோயிலின் பிரகதாம்பாள்தான் தொண்டைமான்களின் குலதெய்வம். நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துத் தானமாகக் கொடுக்கவென்றே அவள் உருவம் பொறித்த அம்மன் காசை அரசு அச்சிட்டது. ரூபாய்க்கு 320 காசு. அரைக்காசு அம்மன் என்ற பெயரும் அவளுக்கு உண்டு. தொலைந்த பொருள் கிடைக்க வேண்டுமென்று அவளுக்கு வெல்லம் நேர்ந்துகொள்ளும் வீடுகள் தமிழ்நாடெங்கும் இருக்கின்றன. 1910இல் தொடங்கிய அருங்காட்சியகமும் இப்போது திருக்கோகர்ணத்தில்தான் இயங்குகிறது. அங்கே குடிபோகிறவருக்குக் குடைவரைக் கோயிலும் அருங்காட்சியகமும் பக்கத்துத் தெருவாகிவிடும். வேறு எத்தனை புறநகர்களுக்கு இது வாய்க்கும்?

1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதியானது. ஒரு தலைநகர் சாதாரண நகரமாயிற்று. 26 ஆண்டுகள் கழித்து, 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானது. மன்னரின் புது அரண்மனை ஆட்சியர் அலுவலகமாயிற்று. மாற்றலாகி வரும் அரசு ஊழியர்கள் மறுபடியும் வீடு தேடினார்கள். மாவட்டத் தலைநகரில் வாடகை வீட்டுக்குத் தேவை ஒருபோதும் ஓய்வதில்லை. 2011இல் நகரின் மக்கள்தொகை ஒரு லட்சத்து 17 ஆயிரத்தைத் தாண்டியது. 2024இல் நகராட்சி மாநகராட்சியாயிற்று.

பழைய வீடுகள் தப்பிப் பிழைத்ததில் குடித்தனக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று நீளும் ஒரு வீட்டை முன் போர்ஷன், பின் போர்ஷன் என்று பிரித்துவிட்டால் இரண்டு மூன்று குடும்பங்கள் இருக்கலாம். கிணறு பொது. மாத வாடகை வேண்டாமென்றால் ஒத்தி இருக்கிறது: ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பது, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது. எந்த வகையானாலும் ஆள் இருக்கிற வீட்டில் அடுப்பு எரியும். ஓடு நழுவினால் அன்றைக்கே தெரியும். பூட்டிய வீட்டில் ஒரு மழைக்காலத்து ஒழுகல் போதும், உத்தரம் உளுத்துவிடும். திருமயம் பக்கத்து நகரத்தார் ஊர்களான ராயவரத்திலும் கடியாபட்டியிலும் ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செட்டிநாட்டு வீடுகளின் கதவுகளும் தேக்குத் தூண்களும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

வாடகைக்கு விட்டால் வீடு கைவிட்டுப் போய்விடும் என்று உரிமையாளர்கள் அஞ்சுவதற்கு 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு காரணமாக இருந்தது. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. இரு தரப்புக்கும் பிடிமானம் தரும் ஏற்பாடு இது. ராஜ வீதிகளிலும் திருக்கோகர்ணத்திலும் பழைய ஓட்டு வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்கள், இடிப்பதற்கு ஆள் கூப்பிடும் முன், ஓட்டை மாற்றி, ஒப்பந்தம் எழுதி, ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுப் பார்க்க வேண்டும்.