பாவித்த ஜெட்: விலைச் சீட்டில் இல்லாத கணக்கு

எங்களில் பலருக்கு ஜெட் என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது கிபிர்தான். அந்தச் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் ஓடிய தலைமுறை இது. இங்கே பேசப்போவது வேறொரு ஜெட். ஐக்கிய அமெரிக்காவில் தொழில் நடத்துவோர் பாவித்ததாக வாங்கி, பெரும்பாலும் தாங்களே ஓட்டிச் செல்கிற ஆறேழு இருக்கை கொண்ட சிறிய வணிக ஜெட்.

விலையைக் கேட்டால் ஆச்சரியமாகத்தான் இருக்கும். 1970களில் வந்த செஸ்னா சைற்றேசன் 500 ஒன்றைச் சில இலட்சம் டொலருக்கு வாங்கலாம். 2006 முதல் 2017 வரை அதே நிறுவனம் தயாரித்த சைற்றேசன் மஸ்டாங் அதைவிடப் பல மடங்கு விலை. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில், மணிக்கு 630 கிலோமீற்றர் அளவில் பறக்கும். அப்படியென்றால் பழையதை வாங்குவதுதானே புத்தி?

அங்கேதான் கணக்கு மாறுகிறது. மஸ்டாங் மணிக்குச் சுமார் 380 லீற்றர் எரிபொருள் குடிக்கும். பழைய சைற்றேசன் அதைப்போல ஒன்றரை மடங்கு. அதுவும் உயரத்தில் பறந்தால்தான். 2005 ஜனவரியிலிருந்து அமெரிக்க வான்வெளியில் 29,000 அடி முதல் 41,000 அடி வரை விமானங்களுக்கிடையிலான உயர இடைவெளி 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது. அதற்கேற்ற துல்லியமான உயரமானியும் அனுமதியும் இல்லாத விமானம் 29,000 அடிக்குக் கீழேயே பறக்க வேண்டும். கீழே காற்று அடர்த்தி. ஜெட் எஞ்சின் எரிபொருளை விழுங்கும், போகக்கூடிய தூரம் சுருங்கும். மலிவாகக் கிடைக்கிற பழைய ஜெட் ஒன்றைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது இந்த அனுமதி இருக்கிறதா என்பதைத்தான். ஆரம்பகால லியர்ஜெட்டுகளுக்கு இன்னொரு தடையும் உண்டு: சத்தத்தைக் குறைக்கும் மாற்றங்கள் செய்யாதவை 2015 இறுதிக்குப் பிறகு அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் பறக்க முடியாது.

அடுத்தது எஞ்சின். இந்த வகை எஞ்சின்களைப் பொதுவாக 3,500 மணிநேரத்துக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துச் செப்பனிட வேண்டும். பழைய சைற்றேசனின் இரண்டு எஞ்சினுக்கும் அந்த நேரம் நெருங்கிவிட்டால் செலவு விமானத்தின் விலையையே தாண்டிவிடும். அப்படியான விமானங்களைப் பலர் செப்பனிடுவதில்லை, உதிரிப்பாகங்களுக்காக உடைத்து விற்கிறார்கள். ஜப்பானிலிருந்து வரும் வானுக்கு நாங்கள் மீற்றர் பார்ப்பதுபோல, இங்கே எஞ்சினின் மிச்ச மணிநேரத்தைப் பார்க்க வேண்டும். பறக்கும் ஒவ்வொரு மணிநேரத்துக்கும் பணம் கட்டிவரும் எஞ்சின் பராமரிப்புத் திட்டத்தில் விமானம் சேர்ந்திருந்தால் விலை கூடத்தான் செய்யும். என் கணிப்பில் அந்தக் கூடுதல் விலை நட்டமில்லை.

விளம்பரத் தாளில் உள்ள தூரத்தையும் அப்படியே நம்ப முடியாது. மஸ்டாங் 2,100 கிலோமீற்றருக்கு மேல் போகும் என்று எழுதியிருக்கும். அது பொய்யல்ல. ஆனால் தாங்கியை நிரப்பினால் விமானியோடு சேர்த்து மூன்று பேருக்கும் அவர்களுடைய பைகளுக்கும்தான் எடை மிஞ்சும். ஆறு இருக்கையும் நிறைந்தால் எரிபொருளைக் குறைக்க வேண்டும். அப்போது அந்தத் தூரத்தில் பாதியைச் சற்றுத் தாண்டலாம், அவ்வளவுதான். குளிர்காலத்தில் கிழக்கிலிருந்து மேற்கே போகிறவருக்கு மணிக்கு 185 கிலோமீற்றர் எதிர்க்காற்று அபூர்வமல்ல. 630இல் அதைக் கழித்தால் 445.

ஓடுபாதையும் அப்படித்தான். கலிபோர்னியாவின் சாந்தா மொனிக்காவில் 2017 டிசம்பரில் ஓடுபாதையை 3,500 அடியாகக் குறுக்கினார்கள்; ஒரே நாளில் பல ஜெட்டுகளுக்கு அந்த ஊர் இல்லாமல் போனது. கொலராடோவின் அஸ்பென் கடல்மட்டத்திலிருந்து 7,800 அடிக்கு மேல். கோடைப் பகலில் அங்கே காற்று மெலிந்து, அதே விமானம் எழும்ப மிக நீண்ட ஓட்டம் தேவைப்படும்.

இந்த எண்கள் உயிரோடு சம்பந்தப்பட்டவை. 2014 டிசம்பர் 8ஆம் திகதி வட கரோலைனாவிலிருந்து வந்த எம்ப்ரயர் பீனம் 100 ஜெட் ஒன்று, மேரிலாந்தின் கெய்தர்ஸ்பேர்க்கில் தரையிறங்கும் வேளையில் வீடொன்றின் மேல் விழுந்தது. விமானியும் இரு பயணிகளும் இறந்தார்கள். வீட்டுக்குள் இருந்த தாயும் இரண்டு சிறு பிள்ளைகளும் இறந்தார்கள். பனிக்கட்டி படியும் காலநிலையில் இறக்கையின் பனி அகற்றும் கருவியை விமானி இயக்கவில்லை, அந்தக் காலநிலைக்குரிய வேகத்தையும் கடைப்பிடிக்கவில்லை என்று விசாரணை கண்டது. பனியில் இறங்குவதற்கு வேகம் கூடுதலாக வேண்டும். வேகம் கூடினால் நீளமான ஓடுபாதை வேண்டும். அந்த விமான நிலையத்தின் ஓடுபாதை 4,202 அடி. காய்ந்த நாளுக்கான இறங்குதூரத்தை மட்டும் பார்த்து விமானம் வாங்குகிறவர், மழையிலும் பனியிலும் எந்த ஊரில் இறங்குவார் என்று தாளில் எழுதிப் பார்ப்பதில்லை.

எக்லிப்ஸ் 500 பற்றியும் ஒரு சொல். மிகக் குறைந்த எரிபொருளில் பறக்கும் ஜெட் அது. தயாரித்த நிறுவனம் சுமார் 260 விமானங்களுடன் 2008 நவம்பரில் வங்குரோத்தானது. ஆரம்பத்தில் கையளிக்கப்பட்டவற்றில் சில வசதிகள் முழுமையடைந்திருக்கவில்லை. ஆகவே எந்தெந்த மேம்படுத்தல் செய்யப்பட்டது என்பதைப் பதிவேட்டில் ஒவ்வொன்றாகப் பார்க்காமல் முற்பணம் கொடுக்கக்கூடாது.

எந்த ஜெட்டானாலும், வாங்குமுன் பரிசோதனையை இதுவரை அதைப் பராமரித்துவந்த பட்டறையிடம் கொடுக்காமல் அந்த வகை விமானம் தெரிந்த வேறொரு பட்டறையிடம் கொடுப்பதே வழக்கம். கடற்கரையோரம் நின்ற விமானமென்றால் துருவைத் தேடச் சொல்ல வேண்டும். பதிவேட்டில் இடைவெளி இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், அல்லது எழுந்து வந்துவிடலாம்.