ஆற்றோர வில்லோ மரம்: மரபில், தொழிலில், மருந்தில்

திருப்பாடல் 137-ஐ நாம் நன்கு அறிவோம். பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட மக்கள் ஆற்றங்கரையில் அமர்ந்து சீயோனை நினைத்து அழுகிறார்கள். தங்கள் யாழ்களைக் கரையோர மரங்களில் மாட்டிவிடுகிறார்கள். அந்த மரத்தை நமது தமிழ் விவிலியம் 'அலரி' என்கிறது. ஆங்கில விவிலியங்கள் பலவற்றில் அது 'வில்லோ'. அலரியும் வில்லோவும் வெவ்வேறு தாவரங்கள். ஒன்றின் பட்டை காய்ச்சலுக்கு மருந்தானது. மற்றொன்று முழுவதும் நஞ்சு. ஆகவே வில்லோவைப் பற்றி நாம் சற்று விரிவாக அறிந்துகொள்வது பயனுள்ளது.

எந்த மரம்?

எபிரேய மூலத்தில் உள்ள சொல் 'அரவா'. நீரோடைக் கரைகளில் வளரும் வில்லோவை அது குறிக்கும். ஆனால் பாபிலோனின் ஆறுகளோரம் நின்றவை வில்லோவின் நெருங்கிய உறவான யூப்ரத்தீசு பாப்லர் மரங்களாக இருக்கலாம் என்று தாவரவியலார் பலர் கருதுகின்றனர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், கிளைகள் தாழ்ந்து தொங்கும் வில்லோவுக்குத் திருப்பாடலை நினைத்து 'சாலிக்ஸ் பாபிலோனிக்கா' என்று பெயரிட்டார். உண்மையில் அம்மரத்தின் தாயகம் சீனா.

வில்லோவில் ஏறக்குறைய 400 வகைகள் உள்ளன. பெரும்பாலானவை குளிர்நாடுகளில் வளர்பவை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளிலும் ஒரு வகை உண்டு. அதன் தமிழ்ப் பெயர் ஆற்றுப்பாலை.

மக்கள் மரபில்

வில்லோவின் கொம்பை ஒடித்து ஈரமண்ணில் ஊன்றினால் வேர்விடும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். அதனால் பல நாடுகளில் அது பிரிவுக்கும் புதுவாழ்வுக்கும் ஒருசேர அடையாளமாயிற்று.

பழைய சீனாவில் பயணம் போகிறவருக்கு வில்லோக் கிளை ஒன்றை ஒடித்துக் கொடுப்பார்கள். சீன மொழியில் வில்லோவைக் குறிக்கும் சொல்லும் 'தங்கு' என்னும் சொல்லும் ஏறத்தாழ ஒரே ஒலி உடையவை. 'போகாதே' என்று வாயால் சொல்லாமல் கிளையால் சொன்னார்கள்.

யூதர்கள் கூடாரத் திருவிழாவில் நான்கு தாவரங்களைக் கையில் ஏந்துகிறார்கள் (காண்க: லேவியர் 23:40). கடாரநாரத்தைக்குச் சுவையும் மணமும் உண்டு. பேரீச்சைக்குச் சுவை மட்டும். மிர்ட்டல் செடிக்கு மணம் மட்டும். வில்லோவுக்கு இரண்டும் இல்லை. சுவை என்பது இறைச்சட்ட அறிவு, மணம் என்பது நற்செயல் என்று யூத ரபிகள் விளக்கம் தந்தனர். இரண்டும் இல்லாதவரையும் விலக்காமல் மற்றவரோடு சேர்த்தே இறைவன் முன் நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் கண்ட பொருள்.

போலந்து, லித்துவேனியா, உக்ரைன் போன்ற நாடுகளில் குருத்தோலை கிடைப்பதில்லை. அங்கே குளிர் விலகும்போது முதலில் மொட்டு விடுவது வில்லோ. எனவே குருத்து ஞாயிறன்று பஞ்சுபோன்ற மொட்டுகள் கொண்ட வில்லோக் கிளைகளை மந்திரிக்கிறார்கள். உக்ரைனில் அந்த நாளுக்கே 'வில்லோ ஞாயிறு' என்று பெயர்.

கைத்தொழிலில்

கூடை முடைவதற்கு ஐரோப்பாவில் பெரிதும் பயன்படுவது வில்லோ. இங்கிலாந்தின் சாமர்செட் சதுப்புநிலங்களில் இத்தொழில் இன்றும் நடக்கிறது. இலை உதிர்ந்த குளிர்காலத்தில், ஓராண்டு வளர்ந்த குச்சிகளைத் தரையோடு ஒட்ட அறுப்பார்கள். பட்டையோடு காயவைத்தால் பழுப்புக் குச்சி. பட்டையோடு வேகவைத்து உரித்தால் பட்டைச் சாயம் ஏறிய இளம்பழுப்புக் குச்சி. வசந்தம்வரை நீரில் நிறுத்தி, உயிர்நீர் ஏறியதும் உரித்தால் வெள்ளைக் குச்சி. அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். ஒரே கட்டை பல ஆண்டுகள் விளைச்சல் தரும்.

நம் நாட்டில் வில்லோவின் வீடு காஷ்மீர். குளிர்காலத்தில் மக்கள் தணல் நிரப்பி மேலங்கிக்குள் வைத்துக்கொள்ளும் 'காங்க்ரி' மண்சட்டியைச் சுற்றி வில்லோக் குச்சிகளால் பின்னுகிறார்கள். அனந்தநாக், புல்வாமா மாவட்டங்களில் கிரிக்கெட் மட்டைகள் செய்யப்படுகின்றன. எடை குறைவு, அடி வாங்கினாலும் எளிதில் பிளவாத தன்மை ஆகிய இரண்டும் சேர்ந்திருப்பதால்தான் மட்டைக்கு வில்லோ. நம் தெருவில் பிள்ளைகள் 'காஷ்மீர் வில்லோ' என்று சொல்வது இந்த மரத்தைத்தான்.

மருத்துவத்தில்

பதினேழாம் நூற்றாண்டில் பெரு நாட்டிலிருந்து சின்கோனாப் பட்டையை ஐரோப்பாவுக்குக் கொண்டு வந்து பரப்பியவர்களுள் இயேசு சபையினர் முக்கியமானவர்கள். குளிர்காய்ச்சலுக்கு அதுவே சிறந்த மருந்து. ஆனால் விலை மிகுதி. இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் குரு எட்வர்டு ஸ்டோன், வில்லோப் பட்டையைத் தற்செயலாகச் சுவைத்தபோது அதன் கசப்பு சின்கோனாவை நினைவூட்டியது. பட்டையை ரொட்டி அடுப்பின் வெளிப்புறத்தில் மூன்று மாதங்களுக்கு மேல் காயவைத்து, பொடித்து, சிறு அளவில் தொடங்கி, ஏறத்தாழ 50 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1763-இல் தாம் கண்டதை இலண்டன் அரச கழகத்துக்குக் கடிதமாக எழுதினார். பெரும்பாலோருக்குக் குணம் தெரிந்தது. சில பிடிவாதமான காய்ச்சல்களுக்கு அது போதவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. வில்லோ காய்ச்சலைத் தணிக்கும். சின்கோனாவைப் போல மலேரியாக் கிருமியைக் கொல்லாது.

1828-இல் மியூனிக் நகரில் யோகான் புக்னர் அந்தப் பட்டையிலிருந்து கசப்புப் பொருளைப் பிரித்து 'சாலிசின்' என்று பெயரிட்டார். 1838-இல் ரஃபாயேலே பிரியா அதிலிருந்து சாலிசிலிக் அமிலத்தைப் பெற்றார். அது வலியைத் தணித்தது, வயிற்றையோ புண்ணாக்கியது. 1897-இல் பேயர் நிறுவனத்தில் அதை மாற்றியமைத்து ஆஸ்பிரினை உருவாக்கினார்கள். 1899-இல் அது விற்பனைக்கு வந்தது. ஆஸ்பிரின் வில்லோவிலிருந்து எடுக்கப்படுவதில்லை; ஆலையில் தயாராவது. ஆனால் அதற்கு வழிகாட்டியவற்றுள் வில்லோவும் ஒன்று.

நாம் கவனிக்க வேண்டியவை

1. அலரியை (அரளி) எக்காரணம் கொண்டும் மருந்தாக உட்கொள்ளக் கூடாது. அதன் இலை, பூ, பட்டை, வேர் அனைத்திலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு உள்ளது. மஞ்சள் அரளியின் கொட்டையும் உயிரைப் பறிக்கும்.

2. காய்ச்சல் என்றவுடன் நாமாக ஆஸ்பிரின் வாங்கிப் போடக் கூடாது. டெங்குவாக இருந்தால் அது இரத்தக்கசிவை அதிகமாக்கும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் அதைக் கொடுக்கவே கூடாது.

3. 'இயற்கை மருந்து' என்று விற்கப்படும் வில்லோப் பட்டைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள், குடற்புண் உள்ளவர்கள், இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள், கருவுற்ற தாய்மார் ஆகியோர் அதைத் தவிர்க்க வேண்டும்.

இறைவன் படைத்த செடிகொடிகள் நமக்குக் கொடைதான். ஆனால் எது எந்தச் செடி, யாருக்கு எவ்வளவு என்று அறிந்து பயன்படுத்தும் பொறுப்பையும் அவர் நமக்கே தந்திருக்கிறார். மறைக்கல்வி வகுப்பில் திருப்பாடல் 137-ஐப் படிக்கும்போது, யாழ்கள் தொங்கிய மரம் நம் கோயில் வளாகத்தில் பூத்திருக்கும் அலரி அல்ல என்பதையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்லிக் கொடுப்போம்.