மூளை வளர்ச்சி ஆய்வு உதவியாளர்... ஜவ்வாது மலையில் இந்த வேலை எப்படி இருக்கும்?

ஜமுனாமரத்தூர் பக்கத்தில் ஒரு மலைக்கிராமம்னு வச்சுக்கோங்க. திண்ணையில் ஒன்றரை வயதுக் குழந்தை. புதுசா வந்த ஓர் அக்கா பையிலிருந்து மரக்கட்டைகளை எடுத்து அடுக்கிக் காட்டுறாங்க. குழந்தையோ கட்டையைத் தொடாம அம்மாவோட முந்தானைக்குள்ள முகத்தை மறைச்சுக்குது. இப்போ படிவத்தில் என்ன எழுதுறது? 'அடுக்கத் தெரியவில்லை' என்றா?

குழந்தைகளின் மூளை வளர்ச்சி ஆய்வில் வேலை பார்க்கும் உதவியாளர்கள் அடிக்கடி சந்திக்கிற கேள்வி இது.

ஏன் சின்ன வயதிலேயே ஆய்வு?

3 வயதுக்குள் குழந்தையின் மூளை, பெரியவர்களின் மூளை அளவில் சுமார் 80 சதவிகிதத்தை எட்டிவிடும். அந்தக் காலத்தில் சத்துக்குறைவும் ரத்தசோகையும் இருந்தால் கற்கும் திறன் பாதிக்கப்படலாம்.

மலைக்குக் கீழே இருக்கும் வேலூரில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 8 நாடுகளில் நடந்த 'மால்-எட்' ஆய்வில், வேலூர் சி.எம்.சி 2010 முதல் 251 குழந்தைகளைச் சேர்த்து, பிறந்ததிலிருந்தே கவனித்தது. களப்பணியாளர்கள் வாரம் இரண்டு முறை வீடு தேடிப்போய் வயிற்றுப்போக்கு, காய்ச்சல் பற்றி விசாரித்தார்கள்.

என்ன வேலை?

முதலில் சம்மதம். எழுதப்படிக்கத் தெரியாத அம்மாவாக இருந்தால், ஆய்வில் சம்பந்தப்படாத ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு படிவத்தை வாசித்து விளக்கணும். 'வேண்டாம்'னு சொல்லவும் அவங்களுக்கு உரிமை இருக்கு.

அடுத்து எடை, உயரம், தலைச் சுற்றளவு. 2 வயதுக்குக் குறைவான குழந்தையைப் படுக்கவைத்துத்தான் நீளம் எடுக்கணும். அப்புறம் 'பெய்லி' போன்ற பரிசோதனை. இதில் பிறந்த தேதி துல்லியமா வேணும். அதனால தாய் சேய் நல அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்துடுங்க.

மலையில் என்ன சவால்?

சாமை அறுப்பு நேரத்தில் பகலில் போனால் வீடு பூட்டியிருக்கும். காலையிலேயோ சாயங்காலமோதான் போகணும். அங்கன்வாடி ஊழியரோடு போனால் அறிமுகம் சுலபம். பசி, தூக்கம், கூச்சம் இருக்கும்போது பரிசோதிக்கக் கூடாது. பார்த்தே இராத பொருளின் படத்தைக் காட்டி 'இது என்ன?'ன்னு கேட்டு, பதில் வரலைன்னா அது அறிவுக்குறைவு இல்லை, பழக்கமின்மை. அதனால் உள்ளூருக்கு ஏற்றபடி மாற்றிச் சரிபார்த்த கருவியைத்தான் பயன்படுத்தணும். நாமாகக் கேள்வியை மாற்றவோ, குழந்தைக்குக் குறிப்பு கொடுக்கவோ கூடாது.

திண்ணைக் குழந்தைக்கு வருவோம். 'ஒத்துழைக்கவில்லை' என்று குறித்துவிட்டு, வேறொரு நாள் திரும்பப் போறதுதான் சரி. அவசரத்தில் போட்ட ஒரு பூஜ்ஜியம், 'மலைக் குழந்தைகள் மந்தம்' என்ற தப்பான முடிவுக்கே கொண்டுபோய் விட்டுடும்.

ஆய்வு முடிஞ்சதும்?

வளர்ச்சியில் தாமதம் தெரிந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கோ பரிந்துரைக்க ஏற்பாடு செய்யணும். நோயின் பெயரை நாமே சொல்லக் கூடாது.

யார் சேரலாம்?

உளவியல், சமூகப்பணி, நர்ஸிங், ஊட்டச்சத்து படித்தவர்களை இந்த வேலைக்கு எடுப்பதுண்டு. பரிசோதனை முறைகளுக்குத் தனிப் பயிற்சி உண்டு. பட்டத்தோடு பொறுமையும் இருந்தால், தயங்காம விண்ணப்பிக்கலாம்!