வில்லியம்ஸ், பால் ரிவியர் (1894–1980)

அமெரிக்கக் கட்டடக்கலை நிபுணர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்து, இளம் பருவத்திலேயே தாய் தந்தையர் இருவரையும் இழந்து பிறர் ஆதரவில் வளர்ந்த இவர், கறுப்பினத்தவருக்கு இத்தொழில் பலிக்காது என்று ஆசிரியரொருவர் உரைத்த அதைரிய வார்த்தையைப் பொருட்படுத்தாது, தென் கலிபோர்னியா சர்வகலாசாலையில் பொறியியல் பயின்று, 1923இல் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் முதல் கறுப்பின அங்கத்தினரானார். தம் அருகில் அமர வெள்ளையர் சிலர் கூசுவர் என்பதை அறிந்து, மேஜையின் எதிர்ப்புறம் இருப்பவர்க்கு நேராகத் தெரியும்வண்ணம் சித்திரத்தைத் தலைகீழாக வரையும் வித்தையை அப்பியாசித்துக்கொண்டார். இச்சாமர்த்தியத்தை வியப்போர், அதை அவசியமாக்கிய சமூகத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பிராங்க் சினாட்ரா முதலிய பிரபலஸ்தர்களுக்கு இவர் மாளிகைகள் அமைத்த காலத்தில், அத்தகைய மாளிகைகள் அமைந்த பேட்டைகள் பலவற்றில் கறுப்பர் குடியிருக்கவொட்டாதபடி கிரய சாசனங்களிலேயே நிபந்தனை இருந்தது.

எனினும் இவரது உழைப்பில் ஒரு பகுதி ஜனசமூகத்தைச் சார்ந்தது. 1920இல் நகரத் திட்டக் குழுவில் பணியேற்றார். 1926இல் கறுப்பின இளைஞர்க்கென 28ஆம் தெருவில் வாலிபர் கிறிஸ்தவ சங்க மாளிகையை அமைத்து, முகப்பில் கறுப்பினத் தலைவர்களான பிரெடெரிக் டக்ளஸ், புக்கர் வாஷிங்டன் ஆகியோரின் உருவங்களைப் பொறித்தார். கறுப்பினத்தவரே நடத்திய கோல்டன் ஸ்டேட் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு 1949இல் தலைமை நிலையம் எழுப்பினார். சிறு குடும்பங்களுக்கான எளிய இல்லங்கள் பற்றி இரு நூல்களும் இயற்றினார். நடிகர் டானி தாமஸ் மெம்பிஸ் நகரில் ஸ்தாபித்து 1962இல் திறந்த செயின்ட் ஜூட் குழந்தைகள் வைத்தியசாலைக்கு ஊதியம் பெறாமலே திட்டம் வரைந்தளித்தார். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் தங்கப் பதக்கம் இவருக்கு, மரணத்திற்குப் பின், 2017இல்தான் வழங்கப்பட்டது.