குதிரை விந்தும் இரண்டரைக் கோடி டாலரும்

சிகார் என்று ஒரு அமெரிக்கப் பந்தயக் குதிரை. 1994 முதல் 1996 வரை தொடர்ந்து 16 பந்தயங்களில் ஜெயித்தது. சம்பாதித்த பரிசுப் பணம் மட்டும் 99,99,815 டாலர்! ஆனால் இந்தத் தொழிலில் பெரிய காசு ஓடும்போது வருவதில்லை, ஓய்வு பெற்றுப் பொலிகுதிரையாக நிற்கும்போதுதான் வரும். சிகாரையும் அப்படித்தான் விட்டார்கள். 1997-ல் சேர்த்த பெட்டைகளில் ஒன்றுகூடச் சினைப்படவில்லை. குறை விந்தணுவிலேயே இருந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனி 2.5 கோடி டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு பணம் புரளும் இடத்தில் விஞ்ஞானம் ஒன்றும் செய்யவில்லையா? செய்தது. அது நூறு வருஷக் கதை.

1900 வாக்கில் ரஷ்யாவின் இல்யா இவானோவ் குதிரைகளுக்குச் செயற்கைக் கருவூட்டலைப் பெரிய அளவில் செய்து காட்டினார். (மனிதனையும் குரங்கையும் கலக்கப் பார்த்துப் பின்னாளில் பெயரைக் கெடுத்துக்கொண்டவரும் இவரேதான்!) அடுத்த திருப்பம் 1949-ல் இங்கிலாந்தில். கிறிஸ்டோபர் போல்ஜின் குழு, பாட்டில் மாறிப்போன குழப்பத்தில், கிளிசரின் சேர்த்தால் விந்தணு உறைபனியைத் தாங்கும் என்று கண்டுபிடித்தது. அது சேவல் விந்து. 1957-ல் கனடாவில் உறைய வைத்த குதிரை விந்தால் ஒரு பெட்டை சினையானது.

ஆனால் குதிரை விந்து லேசில் மசியாது. கூடவே வரும் திரவமே, சேமித்து வைத்தால் விந்தணுவைக் கெடுக்கும். அதனால் மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றி அந்தத் திரவத்தைப் பிரிக்கிறார்கள். 1975-ல் அமெரிக்காவின் ராபர்ட் கென்னி குழு ஒரு எளிய கலவையை வெளியிட்டது: கொழுப்பு நீக்கிய பால் பவுடர், குளுக்கோஸ், கிருமிகளுக்கு ஆன்டிபயாடிக். பால் பவுடர்தான், நம்புங்கள்! இதில் கலந்து மெல்ல 5 டிகிரிக்குக் குளிர வைத்தால் ஒரு நாளாவது தாங்கும், வெளியூருக்கும் அனுப்பலாம். பிறகு வந்தது சலித்தெடுக்கும் முறை. அடர்த்தியான ஒரு கரைசல் மீது விந்தை ஊற்றிச் சுழற்றினால் நல்ல விந்தணுக்கள் அடியில் இறங்கும், பழுதானவை மேலேயே தங்கிவிடும். வளம் குறைந்த பல பொலிகுதிரைகளுக்கு இது கைகொடுத்தது.

சிகாருக்கு ஏன் கைகொடுக்கவில்லை? சலிக்க முதலில் நல்லது கொஞ்சமாவது இருக்க வேண்டுமே. இன்னொன்று, தரோபிரெட் இனத்தில் நேரடிச் சேர்க்கையில் பிறந்த குட்டியை மட்டுமே பதிவு செய்வார்கள். செயற்கைக் கருவூட்டலில் பிறந்தது எவ்வளவு வேகமாக ஓடினாலும் தரோபிரெட் பந்தயத்தில் இடமில்லை. இது தொழில் சுதந்திரத்துக்குத் தடை என்று ஆஸ்திரேலியாவில் ஒருவர் வழக்கே போட்டார். 2012-ல் கோர்ட் தள்ளுபடி செய்துவிட்டது.

காமர்ஸ் படிக்கும் எனக்கு இது கொஞ்சம் புரிகிறது. ஒரு தடவை எடுத்த விந்தைப் பல பெட்டைகளுக்குப் பிரிக்கலாம் என்றால் சப்ளை கூடும், சேர்க்கைக் கட்டணம் சரியும். இன்று பெருந்தொகை கேட்பவர்கள் அதை விரும்புவார்களா? விதியை ஆதரிப்பவர்களோ, ஒரே குதிரையின் வாரிசுகளே எங்கும் நிறைந்து இனம் குறுகிவிடும் என்கிறார்கள். அதுவும் நியாயமான பயம்தான். ஆனால் அந்தப் பயம்தான் காரணம் என்றால், ஒரு பொலிகுதிரைக்கு வருஷத்துக்கு இத்தனை குட்டிகள் என்று வரம்பு வைத்தாலே போதுமே? விந்தைத் தொடாமலே இருப்பானேன்?

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?